டைரக்டரி சர்வரில் சொந்த ஆட்ரிபியூட் சேர்ப்பது: எதைச் சேர்க்கலாம், எதைத் தொடக்கூடாது

ஹட்டனில் தலைமை அலுவலகம், மஸ்கெலியாவிலும் பண்டாரவளையிலும் கிளைகள் என்று இயங்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மின்னஞ்சல், வைஃபை, கோப்புச் சேமிப்பகம் மூன்றுக்கும் ஊழியர்கள் ஒரே கடவுச்சொல்லைப் பாவிக்க வேண்டும் என்று, ஆட்களின் விவரங்களை ஓரிடத்தில் வைத்திருக்கும் ஒரு டைரக்டரி சர்வர் போட்டாயிற்று. கொஞ்ச நாளில் கணக்குப் பிரிவிலிருந்து கோரிக்கை வரும்: எல்லாருடைய சேமலாப நிதி இலக்கத்தையும் இதிலேயே போடுங்கள், அடையாள அட்டை இலக்கத்தையும் போடுங்கள், எந்தத் தோட்டம், தோட்டத்துக்குள் எந்த டிவிசன் (உட்பிரிவு) என்பதும் வேண்டும். போடப்போனால் சர்வர் மறுக்கும். 17 என்றோ 65 என்றோ ஒரு பிழை எண் வரும், அவ்வளவுதான்.

அப்படி மறுப்பதுதான் சர்வரின் வேலை. அதற்குத் தெரியாத தகவலை அது வாங்காது. முதலில் அந்தத் தகவல் எப்படிப்பட்டது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கும் வரையறை நாலைந்து வரிதான். அந்த வரிகளை எழுதும் முன் எடுக்க வேண்டிய தீர்மானங்களுக்குத்தான் நேரம் போகும். அவற்றில் பாதிக்கு விடை கணினிப் புத்தகத்தில் இருக்காது, தோட்டத்துப் பேரேட்டில்தான் இருக்கும்.

அடிப்படை: பதிவு, ஆட்ரிபியூட், ஸ்கீமா

இன்று பாவனையில் இருக்கும் டைரக்டரி சர்வர்கள் பெரும்பாலும் எல்டாப் என்ற நெறிமுறையைப் பேசுகின்றன. 1988இல் வந்த எக்ஸ்.500 தரநிலை சாதாரணக் கணினிகளுக்குப் பெரிய பாரமாக இருந்ததால், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதன் எளிய வடிவமாக எல்டாப் உருவானது. 1997இல் மூன்றாம் பதிப்பு வந்தது. இப்போது நடைமுறையில் உள்ளவை 2006இல் ஆர்எஃப்சி என்ற இணையத் தரநிலை ஆவண வரிசையில் 4510 முதல் 4519 வரை வெளியானவை. ஓப்பன்எல்டாப், 389 டைரக்டரி சர்வர், மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இதில் ஒரு ஆளுக்கு ஒரு பதிவு. பதிவுக்குள் ஆட்ரிபியூட்கள்: பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றோ பலவோ மதிப்புகள் இருக்கலாம். எந்தெந்த ஆட்ரிபியூட்கள் உலகத்தில் உண்டு, ஒவ்வொன்றிலும் எந்த மாதிரித் தகவல் இருக்கலாம், எந்த வகைப் பதிவில் எதை வைக்கலாம் என்ற சட்டத்தொகுப்புக்குப் பெயர் ஸ்கீமா. செக்ரோல் என்ற தோட்டத்து வேலை, சம்பளப் பதிவேட்டில் கட்டங்கள் அச்சடித்தே வருவது போல என்று வைத்துக்கொள்ளலாம். அச்சில் இல்லாத கட்டத்தில் கணக்கப்பிள்ளை எழுத முடியாது.

ஸ்கீமாவில் முக்கியமாக நான்கு வகைச் சரக்கு உண்டு:

1. ஆட்ரிபியூட் வகை: கட்டத்தின் பெயரும் குணமும்.
2. சின்டாக்ஸ்: கட்டத்தில் எழுதக்கூடியது எழுத்தா, எண்ணா, நேரமா, வேறொரு பதிவின் முகவரியா என்பது.
3. பொருத்த விதி: இரண்டு மதிப்புகள் ஒன்றா என்று எப்படி ஒப்பிடுவது என்பது.
4. ஆப்ஜெக்ட் கிளாஸ்: எந்த ஆட்ரிபியூட்கள் ஒரு பதிவில் கட்டாயம், எவை விருப்பம் என்ற பட்டியல்.

சின்டாக்ஸும் பொருத்த விதியும் சர்வர் நிரலுக்குள்ளேயே இருப்பவை. அவற்றை நாம் உருவாக்குவதில்லை, இருப்பதில் பொறுக்கி எடுக்கிறோம். நம் கையில் இருப்பது முதலாவதும் நான்காவதும்.

சேர்க்கும் முன்: தேவைதானா?

கேட்டவுடன் புதிதாக எழுத உட்காருவதுதான் வழக்கம். ஆனால் கேட்பவற்றில் பல ஏற்கெனவே இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2798 கொண்டுவந்த ஐநெட்ஆர்க்பேர்சன் கிளாஸில் ஊழியர் இலக்கம், ஊழியர் வகை, திணைக்கள இலக்கம், விரும்பும் மொழி, கைத்தொலைபேசி எல்லாம் உண்டு. வாகன இலக்கத் தகட்டுக்குக்கூட ஒன்று வைத்திருக்கிறார்கள். மலையேறும் பஸ்ஸில் வேலைக்கு வருபவர்களுக்கு அது தேவைப்படாது, வேறு விஷயம். செக்ரோல் இலக்கத்துக்கு அந்த ஊழியர் இலக்க ஆட்ரிபியூட்டே போதும். அது ஒரே மதிப்புதான் ஏற்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் சரி.

இன்னொரு கூட்டத் தகவல் டைரக்டரிக்கே பொருந்தாது. டைரக்டரி என்பது எழுதுவது குறைவு, வாசிப்பது மிக அதிகம் என்ற கணக்கில் கட்டப்பட்டது. இன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் வேலையா அரைநாளா), எத்தனை கிலோ கொழுந்து, பெரட்டுக்கு (காலையில் ஆள் கூடுமிடத்துக்கு) எத்தனை மணிக்கு வந்தார் என்பதெல்லாம் தினமும் மாறுகிற, கூட்டிக் கழிக்க வேண்டிய கணக்குகள். அவை தரவுத்தளத்துக்குப் போக வேண்டும். டைரக்டரியில் செக்ரோல் இலக்கம் இருந்தால் அந்தத் தரவுத்தளத்தோடு இணைக்க அதுவே சாவி.

மூன்றாவது வகை, தமிழ்ப் பெயர். "பெயரைத் தமிழில் வைக்க ஒரு ஆட்ரிபியூட், சிங்களத்தில் வைக்க இன்னொன்று" என்று புதிதாக எழுதுகிறார்கள். தேவையில்லை. 2004இன் ஆர்எஃப்சி 3866 மொழிக்குறிகளை வரையறுக்கிறது. ஆட்ரிபியூட்டின் பெயருக்குப் பின் அரைப்புள்ளியும் மொழிக்குறியும் போட்டால், அதே பெயர் ஆட்ரிபியூட் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று நிற்கும். குறி இல்லாமல் தேடினால் மூன்றிலும் தேடும். தோட்டங்களுக்கு இது இன்னும் நல்லது: கம்பனிக் கடிதத்தில் ஸ்கொட்லாந்துப் பெயரும் ஜனங்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் இருப்பது மலையகத்தில் சாதாரணம். ஓப்பன்எல்டாப்பும் 389ம் இந்தக் குறிகளை ஏற்கும். ஆக்டிவ் டைரக்டரி ஏற்காது, அங்கே மட்டும் தனி ஆட்ரிபியூட் எழுதத்தான் வேண்டும்.

பெயர் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தாண்டிப்போக முடியாது. பேர்சன் என்ற அடிப்படைக் கிளாஸில் முழுப்பெயரும் குடும்பப்பெயரும் கட்டாயம். குடும்பப்பெயர் என்ற ஒன்று நம் ஆட்களிடம் பெரும்பாலும் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் சொந்தப் பெயர், அவ்வளவுதான். காலியாக விட சர்வர் விடாது. சிலர் ஒரு புள்ளியைப் போட்டுத் தப்பிக்கிறார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள். அப்பா பெயரைப் போட்டால் மின்னஞ்சல் முகவரிப் புத்தகம் எல்லோரையும் அப்பா பெயரின் கீழ் அடுக்கிவிடும், தேடினால் ஆள் கிடைக்காது. சொந்தப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும், அப்பா பெயரின் எழுத்தை இனிஷியல் கட்டத்திலும் வைப்பதுதான் என் கணிப்பில் சரி. குடும்பப்பெயர் நீங்கலான மற்றப் பெயர்களின் முதலெழுத்துகள்தான் இனிஷியல் என்கிறது தரநிலை. அதோடும் இது ஒத்துப்போகும். இதற்காகப் புதிய ஆட்ரிபியூட் எழுதுவது எதையும் தீர்க்காது, ஏனென்றால் அந்தக் கட்டாயக் கட்டம் அப்படியேதான் இருக்கும்.

இவ்வளவையும் கழித்தபின் நம் நிறுவனத்துக்கு மிஞ்சுபவை மூன்று: தேசிய அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், டிவிசன்.

ஓஐடி: உலகத்துக்கே ஒன்று

ஒவ்வொரு ஆட்ரிபியூட்டுக்கும் ஆப்ஜெக்ட் கிளாஸுக்கும் ஓஐடி என்ற எண் தொடர் வேண்டும். சர்வருக்கு அடையாளம் அதுதான். பெயர் மனிதர் வசதிக்கு. எழுந்தமானமாக ஒரு எண்ணைப் போட்டால் இன்று வேலை செய்யும். நாளை ஒரு மென்பொருள் தன் ஸ்கீமாவோடு வந்து அதே எண்ணைப் பாவித்திருந்தால் இரண்டும் மோதும்.

முறை இது. இணைய எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்பிடம் விண்ணப்பித்தால், நிறுவனத்துக்கென்று ஒரு இலக்கம் கட்டணமில்லாமல் கிடைக்கும். அதை 1.3.6.1.4.1 என்ற தொடருக்குப் பின்னால் ஒட்டினால் அந்தக் கிளை முழுவதும் உங்களுடையது. மைக்ரோசாஃப்டின் இலக்கம் 311, ஓப்பன்எல்டாப்பின் இலக்கம் 4203. விளக்க உதாரணங்களுக்கென்றே 32473 ஒதுக்கப்பட்டிருக்கிறது, இந்தக் கட்டுரையும் அதையே எடுத்துக்கொள்கிறது. எனவே:

1. 1.3.6.1.4.1.32473.1 – டைரக்டரி வேலைகளுக்கு
2. 1.3.6.1.4.1.32473.1.1 – ஆட்ரிபியூட்களுக்கு, முதலாவது 1.1.1, அடுத்தது 1.1.2
3. 1.3.6.1.4.1.32473.1.2 – ஆப்ஜெக்ட் கிளாஸ்களுக்கு

எந்த எண்ணை எதற்குக் கொடுத்தோம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த எண்ணை, அந்த ஆட்ரிபியூட் கைவிடப்பட்டாலும், வேறொன்றுக்குக் கொடுக்கக்கூடாது. விண்ணப்பிக்க விருப்பமில்லை என்றால் 2.25 என்ற கிளையின் கீழ் யூயூஐடி எண்ணை, அதாவது கணினியே உருவாக்கித் தரும் வேறெங்கும் வராத நீண்ட எண்ணை, போட்டும் செய்யலாம், பதிவு தேவையில்லை. நீளமாக இருக்கும், பார்க்க அழகில்லை, ஆனால் நேர்மையான வழி.

அடையாள அட்டை இலக்கத்தை வரையறுத்தல்

இனி வரையறையை உறுப்பு உறுப்பாகப் பார்க்கலாம்.

1. ஓஐடி: 1.3.6.1.4.1.32473.1.1.1.

2. பெயர். ரோமன் எழுத்து, எண், சிறுகோடு இவை மட்டும். முதலாவது எழுத்தாக இருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் பெயர் வைக்கத் தரநிலை இடம் தராது. அடிக்கோடும் கூடாது, சில சர்வர்கள் கண்டும் காணாமல் விட்டாலும். நிறுவனப் பெயரின் சுருக்கத்தை முன்னால் சேர்ப்பது நல்ல வழக்கம், அப்போது மற்றவர்களின் பெயரோடு மோதாது.

3. விளக்கம். இதில் தமிழ் எழுதலாம். "தேசிய அடையாள அட்டை இலக்கம், பழைய அல்லது புதிய வடிவம்" என்று தெளிவாக எழுதிவிட்டால் அடுத்து வருபவருக்கு விளங்கும்.

4. சின்டாக்ஸ். இலக்கம் என்ற பெயரைக் கேட்டு எண் சின்டாக்ஸைப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பழைய அட்டையில் 9 எண்களும் கடைசியில் ஒரு ரோமன் எழுத்தும் உண்டு. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 எண்கள். எண் சின்டாக்ஸ், அதாவது 1.3.6.1.4.1.1466.115.121.1.27, எழுத்தை ஏற்காது. முன்னால் பூச்சியம் வரும் மதிப்பையும் ஏற்காது. கூட்டிக் கழிக்காத எதற்கும் எண் சின்டாக்ஸ் வேண்டாம். இங்கே தேவை டைரக்டரி ஸ்ட்ரிங் என்ற எழுத்துச் சின்டாக்ஸ், அதன் கடைசி எண் 15.

5. சமநிலைப் பொருத்த விதி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத விதி வேண்டும், ஏனென்றால் கடைசி எழுத்தை ஒருவர் பெரிதாகவும் இன்னொருவர் சிறிதாகவும் அடிப்பார். இந்த உறுப்பை விட்டுவிட்டால் சர்வர் முறைப்பாடு செய்யாது, பிறகுதான் தெரியும்: அந்த ஆட்ரிபியூட்டை வைத்துச் சமமா என்று தேட முடியாது, பல மதிப்புகளில் ஒன்றை மட்டும் நீக்கவும் முடியாது.

6. பகுதிப் பொருத்த விதி. இலக்கத்தின் ஒரு துண்டை வைத்துத் தேட வேண்டுமென்றால் மட்டும். அடையாள அட்டைக்குத் தேவை என்று நான் நினைக்கவில்லை. துண்டு துண்டாகத் தேட விடாமல் இருப்பதே பாதுகாப்பு.

7. ஒற்றை மதிப்பா என்பது. இதற்குத் தனிப் பகுதி வேண்டும், கீழே வருகிறது.

வரையறையில் சின்டாக்ஸ் எண்ணுக்குப் பின் அடைப்புக்குள் 12 என்று நீளம் போடுவதும் உண்டு. பலர் அதை உச்சவரம்பு என்று நம்புகிறார்கள். தரநிலைப்படி, குறைந்தது அவ்வளவு நீளத்தையாவது சர்வர் தாங்க வேண்டும் என்ற ஆலோசனைதான் அது. 13 எழுத்து வந்தால் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இலக்கத்தின் வடிவத்தைச் சரிபார்க்கவும், ஒரே இலக்கம் இருவருக்குப் போகாமல் தடுக்கவும் ஸ்கீமாவுக்குச் சக்தி இல்லை. அதற்கு ஓப்பன்எல்டாப்பில் கன்ஸ்ட்ரெயின்ட், யுனிக் என்ற துணை அடுக்குகள் உண்டு. 389இல் தனித்தன்மைக்குச் செருகுநிரல் உண்டு.

ஒன்றா, பலவா?

எல்டாப்பில் எதுவும் சொல்லாவிட்டால் ஆட்ரிபியூட் பல மதிப்புகளை ஏற்கும். ஒன்றுதான் என்றால் சிங்கிள்-வேல்யூ என்று வரையறையில் எழுத வேண்டும். ஒரு சொல்தான், ஆனால் எழுதுவதா விடுவதா என்பது அந்த ஊர் மனிதரைத் தெரிந்தால்தான் தீர்மானிக்க முடியும்.

அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் பழைய பேரேட்டில் 9 எண் வடிவமும், அட்டை மாற்றியபின் 12 எண் வடிவமும் ஒரே ஆளுக்கு நிற்கும். எதை வைத்துத் தேடினாலும் ஆள் கிடைக்க வேண்டும் என்றால் பல மதிப்பாக விடுவதுதான் வசதி.

சேமலாப நிதி இலக்கம் இன்னும் சிக்கலானது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அந்த நிதியில் ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகிறார்கள். உறுப்பினர் இலக்கம் தொழில்தருநரின் இலக்கத்தோடு சேர்த்துத்தான் பொருள்படும். அதாவது வேலை மாறினால் இலக்கம் மாறும். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொடங்கி, கலியாணம் முடித்து அப்புத்தளைக்குப் போய் அங்கே பேர் பதிந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு இலக்கங்கள். பிந்தியதை மட்டும் வைத்திருந்தால் பழைய பணத்தைக் கோரும்போது அலைச்சல் அவருக்குத்தான். ஆகவே பல மதிப்பு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எல்டாப்பில் பல மதிப்புகள் என்பது கணிதத்தில் சொல்லும் ஒரு கணம் (செட்), அதற்கு வரிசை கிடையாது. முதலில் எழுதியது முதலில் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. கடைசியாக இருப்பதுதான் நடப்பு இலக்கம் என்று மென்பொருள் எழுதினால் ஒரு நாள் தவறான இலக்கத்துக்குப் பணம் போகும். இதையே இன்னும் மோசமாகச் செய்யும் வடிவமைப்பும் உண்டு: தோட்டங்களின் பெயருக்கு ஒரு பல மதிப்பு ஆட்ரிபியூட், இலக்கங்களுக்கு இன்னொன்று, இரண்டாவது தோட்டத்துக்கு இரண்டாவது இலக்கம் என்று நினைத்துக்கொள்வது. இரண்டு கணங்களுக்கும் இடையில் சோடி சேர்க்கும் வழி எல்டாப்பில் இல்லை.

தீர்வுகள் இரண்டு. தொழில்தருநர் இலக்கத்தையும் உறுப்பினர் இலக்கத்தையும் சாய்கோடு போட்டு ஒரே மதிப்பாக எழுதி, நடப்பு இலக்கத்துக்கு மட்டும் இன்னொரு ஒற்றை மதிப்பு ஆட்ரிபியூட் வைப்பது முதலாவது. ஆளின் பதிவுக்குக் கீழே ஒவ்வொரு வேலைக்காலத்துக்கும் ஒரு குழந்தைப் பதிவு வைப்பது இரண்டாவது. இரண்டாவது சுத்தமானது, ஆனால் மின்னஞ்சலுக்கும் வைஃபைக்கும் என்று போட்ட டைரக்டரியில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முதலாவதே போதும்.

டிவிசனுக்கு வேறு யோசனை. டிவிசனின் பெயரை எழுத்தாக ஒவ்வொருவர் பதிவிலும் எழுதினால் மேல் கணக்கு, மேற்கணக்கு, மேல்கணக்கு என்று ஒரே இடம் மூன்றாகப் பிரியும். ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு பதிவு போட்டு, ஆளின் பதிவிலிருந்து அதைச் சுட்ட வேண்டும். அதற்கான சின்டாக்ஸின் கடைசி எண் 12, அதாவது வேறொரு பதிவின் முகவரி. டிவிசன் பதிவை இடம் மாற்றினால் சுட்டிகள் தானாக மாறாது என்பதால், ஓப்பன்எல்டாப்பில் ரெஃபின்ட் துணை அடுக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

வேலையில் சேர்ந்த தேதி வேண்டும் என்று யாராவது கேட்டால் அதில் ஒரு சின்ன எச்சரிக்கை. நேரச் சின்டாக்ஸ் பொதுவாக உலக நேரத்தில் சேமிக்கப்படும். நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். ஏப்ரல் 15 நள்ளிரவு என்று கொடுத்தால் சேமிப்பில் ஏப்ரல் 14 மாலை 6.30 என்று நிற்கும். தேதியை மட்டும் வெட்டி எடுக்கும் மென்பொருள் எல்லோரையும் ஒரு நாள் முன்னதாக வேலைக்குச் சேர்த்துவிடும்.

ஆப்ஜெக்ட் கிளாஸ்: கட்டாயம் என்ற சொல்லின் விலை

ஆட்ரிபியூட்டை வரையறுத்தாலும் பதிவில் வைக்க முடியாது. ஏதாவது ஒரு ஆப்ஜெக்ட் கிளாஸ் அதை அனுமதிக்க வேண்டும். இங்கே ஆசை வரும்: ஏற்கெனவே உள்ள ஐநெட்ஆர்க்பேர்சனைத் திறந்து நம்முடையவற்றையும் அதன் பட்டியலில் செருகிவிட்டால் என்ன? வேலை செய்யும். அடுத்த மேம்படுத்தலில் அந்தக் கோப்பு புதிதாக எழுதப்படும்போது எல்லாம் போய்விடும். தரநிலைக் கிளாஸைத் தொடக்கூடாது.

ஆப்ஜெக்ட் கிளாஸ்கள் மூன்று வகை. ஆப்ஸ்ட்ராக்ட் என்பது மற்றவற்றுக்கு வேர் மட்டும். ஸ்ட்ரக்சரல் என்பது பதிவின் பிறவிக் குணம். ஒரு பதிவுக்கு ஒரு பரம்பரைதான். ஆக்ஸிலியரி என்பது மேலே போட்டுக்கொள்ளும் சட்டை. எத்தனையும் சேர்க்கலாம், கழற்றலாம். நமக்கு வேண்டியது ஆக்ஸிலியரி. தோட்ட ஊழியர் என்ற பெயரில் ஒன்று எழுதி, நம் ஆட்ரிபியூட்கள் எல்லாவற்றையும் அதில் பட்டியலிட்டு, தேவையான பதிவுகளுக்கு மட்டும் சேர்த்தால் போதும்.

பட்டியலில் இரண்டு பந்தி: மஸ்ட் என்பது கட்டாயம், மே என்பது விருப்பம். அடையாள அட்டை இலக்கத்தைக் கட்டாயத்தில் போட வேண்டும் என்று நிர்வாகம் சொல்லும். மலையகத்தில் அதைச் சொல்லும் முன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான தோட்ட மக்களில் மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை குடியுரிமைப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, பதியாத பிறப்பு, தனி முகவரி இல்லாத லயம் (தோட்டத்து வரிசை வீடு) என்று ஆவணச் சிக்கல்கள் அதன் பிறகும் தொடர்ந்தன. கட்டாயம் என்று எழுதினால் இலக்கம் கையில் இல்லாதவரைப் பதிய முடியாது. பதிந்தே ஆக வேண்டிய எழுதுநர் என்ன செய்வார்? 000000000 என்று அடிப்பார். பொய்யான இலக்கம் காலிக் கட்டத்தைவிடக் கேடு, ஏனென்றால் காலியைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

பாவனையில் உள்ள கிளாஸில் பின்னாளில் ஒன்றைக் கட்டாயமாக்குவது இன்னொரு வகைத் தொல்லை. பழைய பதிவுகள் சத்தமில்லாமல் அப்படியே இருக்கும். பிறகு யாராவது ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை மட்டும் மாற்றப்போனால் 65 என்ற பிழை வரும், தொலைபேசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல். ஆகவே நம்முடையவை எல்லாம் விருப்பப் பந்தியில்தான். எது இல்லாமல் பதியக்கூடாது என்ற விதியைப் பதிவு செய்யும் மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும்.

தமிழ் எழுத்து

டைரக்டரி ஸ்ட்ரிங் யூனிகோடை ஏற்கும், தமிழ் அப்படியே போகும். ஆனால் மூன்று இடங்களில் ஆட்கள் பயப்படுகிறார்கள்.

1. ஏற்றுமதிக் கோப்பில் பெயருக்குப் பின் இரட்டை முக்காற்புள்ளியும் புரியாத எழுத்துக்கூட்டமும் வரும். தரவு கெட்டுப்போகவில்லை. எல்டிஃப் கோப்பு வடிவம் ரோமன் அல்லாத மதிப்புகளை பேஸ்64 குறியாக்கத்தில் எழுதும், அவ்வளவுதான்.

2. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், எகரக் குறியும் காலும் சேர்த்தும் அடிக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும். தரநிலையான எழுத்துப் பொருத்த விதிகள் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரச் சொல்கின்றன. ஆகவே கொட்டகலை என்று எப்படி அடித்தாலும் தேடலில் கிடைக்க வேண்டும்.

3. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல்கள். இதற்கு மட்டும் பயப்படலாம். பாமினித் தரவு உண்மையில் ரோமன் எழுத்துகள். எழுத்துருவால்தான் தமிழாகத் தெரிகிறது. அப்படியே ஏற்றினால் சர்வர் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளும், எந்தத் திரையிலும் வாசிக்க முடியாது. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

வரையறுத்த பிறகு

முதல் வேலை அனுமதி. ஓப்பன்எல்டாப்பில் அணுகல் விதி எதுவும் எழுதாவிட்டால் இயல்பு நிலை என்ன தெரியுமா? யாரும் வாசிக்கலாம், உள்நுழையாதவர் உட்பட. அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும், பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டுவதால் ஆணா பெண்ணா என்பதும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இதை அலுவலக வைஃபையில் இருக்கும் எவரும் வாசிக்க விடக்கூடாது. மதிப்புகளை ஏற்றும் முன்பே விதி எழுதப்பட வேண்டும். ஆக்டிவ் டைரக்டரியில் அந்த ஆட்ரிபியூட்டின் தேடல் கொடியில் 128 என்ற இரகசியக் குறியை வைக்கலாம்.

அடுத்தது சுட்டுப்பட்டியல், அதாவது இன்டெக்ஸ். தேடப்போகும் ஆட்ரிபியூட்டுக்கு மட்டும்.

அப்புறம் கிளைகள். ஹட்டனில் எழுதியது மஸ்கெலியா, பண்டாரவளை சர்வர்களுக்குப் பிரதியாகும்போது அங்கேயும் ஸ்கீமா இருக்க வேண்டும். 389 ஸ்கீமாவையும் சேர்த்தே பிரதி செய்யும். ஓப்பன்எல்டாப் வழக்கமான அமைப்பில் செய்யாது. ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியாகப் போட வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் எல்லாக் கிளைகளிலும் ஸ்கீமா, பிறகுதான் தரவு. மின்னல் காலத்தில் இணைப்பு விழுந்து கிடக்கும் கிளையை மறந்துவிட்டுத் தரவை ஏற்றினால், இணைப்பு திரும்பியதும் அந்தக் கிளை தனக்குத் தெரியாத ஆட்ரிபியூட்டைப் பார்த்து பிரதியெடுப்பையே நிறுத்திவிடும்.

பிழை வந்தால் எண்ணைப் பார்த்தே பாதி விளங்கும்:

1. 17 – அந்த ஆட்ரிபியூட்டே சர்வருக்குத் தெரியாது. ஸ்கீமா ஏறவில்லை, அல்லது பெயரில் எழுத்துப்பிழை.
2. 19 – வரம்பு மீறல். ஒற்றை மதிப்பில் இரண்டாவதைப் போட்டிருக்கலாம்.
3. 20 – அதே மதிப்பு ஏற்கெனவே இருக்கிறது.
4. 21 – மதிப்பு சின்டாக்ஸுக்குப் பொருந்தவில்லை.
5. 65 – ஆட்ரிபியூட் தெரியும், ஆனால் இந்தப் பதிவின் கிளாஸ் அனுமதிக்கவில்லை. அல்லது கட்டாயமான ஒன்று இல்லை. பெரும்பாலும் ஆக்ஸிலியரி கிளாஸைப் பதிவில் சேர்க்க மறந்ததுதான்.

மாற்ற வேண்டி வந்தால்

பெயர் பிடிக்கவில்லை என்றால் எளிது. ஒரு ஓஐடிக்குப் பல பெயர்கள் இருக்கலாம். புதிய பெயரைச் சேர்த்துவிட்டுப் பழையதையும் கொஞ்ச காலம் விட்டுவைக்கலாம். சின்டாக்ஸை மாற்ற வேண்டுமென்றால் பழையதைத் திருத்தக்கூடாது. புதிய ஓஐடியில் புதிய ஆட்ரிபியூட் எழுதி, மதிப்புகளை மாற்றி எடுத்து, பழையதற்கு ஆப்சொலீட் என்ற குறியை வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். பதிவுகளில் மதிப்பு இருக்கும்போதே வரையறையை நீக்கினால், அந்தப் பதிவுகளைச் சர்வரால் சரியாக வாசிக்க முடியாமல் போகும்.

ஆக்டிவ் டைரக்டரி இன்னும் கண்டிப்பு. அங்கே சேர்த்த ஆட்ரிபியூட்டை அழிக்கவே முடியாது, செயலிழக்கச் செய்யலாம், அவ்வளவுதான். ஆகவே எதையும் முதலில் சோதனைச் சர்வரில் போட்டுப் பார்க்க வேண்டும். ஓப்பன்எல்டாப்புக்கு ஒரு பழைய மடிக்கணினி போதும். ஆக்டிவ் டைரக்டரிக்குத் தனி ஃபாரஸ்ட், அதாவது டொமைன்கள் என்ற பிரிவுகளைக் கொண்ட தனி முழு அமைப்பு, வேண்டும். ஃபாரஸ்ட் முழுவதற்கும் ஸ்கீமா ஒன்றுதான் என்பதால், அதே ஃபாரஸ்டில் சோதனைக்கென்று இன்னொரு டொமைன் திறந்து அங்கே எழுதிப் பார்த்தால் அது ஹட்டனிலும் ஏறிவிட்டிருக்கும்.